பாடியவர் பெயர் ‘ப’

தணிகாசலம் வீட்டில் தறிக்கு மேலே சுவரில் ஓர் ஆணி அடித்திருக்கும். ஆணியில் ஒரு மஞ்சள் பை தொங்கும். பைக்குள் ரேடியோ. அன்று காலை அந்த மஞ்சள் பைக்குள்ளிருந்து என் மகள் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்கவில்லை. கேட்கமாட்டேன் என்று ஜெனிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். வீட்டில் இருந்தால் கை தானாகப் போய் ரேடியோவைத் திருகிவிடும் என்ற பயத்தில்தான், ஒரு பாலிசி படிவத்தில் கையெழுத்து வாங்கும் சாக்கில் பிள்ளையார்பாளையத்துக்கு வண்டியை எடுத்தேன். ரேடியோவிலிருந்து தப்பிக்க நெசவாளர் தெருவுக்குப் போனவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். தெருமுனையிலேயே ஜெனியின் குரல் வந்துவிட்டது. பத்து வீடு தாண்டும்வரை அது விடவே இல்லை. ஒரு ஜன்னல் பாதியில் விட்ட சொல்லை அடுத்த ஜன்னல் முடித்துக் கொடுத்தது.

“வா பாலிசிம்மா,” என்றார் தணிகாசலம், தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தபடியே. “உன் பொண்ணு நல்லா பேசிக்கினு இருக்குது.”

“அப்படியா? நான் கேக்கல.”

“காதுல பஞ்சு வெச்சிக்கினா வந்த?” என்றாள் அவர் மனைவி சாந்தி.

நான் படிவத்தை எடுத்துப் பிரித்தேன். ரேடியோவில் ஒரு நாகஸ்வரம் முடிந்தது. ஜெனி பேசினாள்.

“அடுத்ததா ஒரு புதுக் குரல். நம்ம ஊடை ரேடியோல இதுவரைக்கும் வராத குரல். பாடுனவங்க பேரு ப…”

அப்புறம் ஒன்றும் வரவில்லை.

“ப…”

மறுபடியும் ஒன்றும் இல்லை.

எனக்கு அந்த ‘ப’வை நன்றாகத் தெரியும். இரண்டு உதடும் ஒட்டிக்கொள்ளும். பார்வை ஒரு பக்கமாகப் போகும். வலது கைப் பெருவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்க்க ஆரம்பிக்கும். பதினெட்டு வருஷமாக, அந்த உதடுகள் பிரிவதற்குள் நான் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். அன்று அவள் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தாள்.

எடுத்துக் கொடுத்தவள்

அவளை அந்த ‘ப’விலேயே நிறுத்திவிட்டு வேறு கதைக்குப் போவது நியாயமில்லைதான். ஆனால் அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்பதை வாசகர்களும் கொஞ்சம் அனுபவிக்கட்டும்.

நான் இன்ஷூரன்ஸ் முகவர். போன வாரம் இதே பத்தியில், ஸ்கூட்டர் பழகிய கதையில் இதை எழுதியிருந்தேன். மற்றவர்கள் மாடிப்படியைப் பார்த்தால் மாடிப்படி தெரியும். எனக்கு அதிலிருந்து உருண்டு விழுகிறவர் தெரிவார். தொழிலால் பயம் வந்ததா, பயம் இருந்ததால் தொழிலுக்கு வந்தேனா என்று என் வீட்டில் ஒரு விவாதம் உண்டு. விவாதம் என்றால் நானே இரண்டு பக்கமும் பேசுவேன்.

ஜெனிக்கு நாலு வயதில் திக்க ஆரம்பித்தது. ‘ப’, ‘க’, ‘ம’ மூன்றும் சிக்கும், எந்தச் சொல்லில் என்று மட்டும் முன்கூட்டித் தெரியாது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் விட்டுவிடும். தேனில் வசம்பு உரசி நாக்கில் தடவினேன். சர்ச்சில் ஒன்பது வாரம் மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்து வீட்டம்மா அவள் பங்குக்குக் குமரக்கோட்டத்து முருகனிடம் வேண்டிக்கொண்டாள். கடைசியில் சென்னையில் ஒரு பேச்சு டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவர் எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அம்மா, நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். அவ பேசும்போது நீங்க…” என்றார்.

“உதவி பண்ணணும். பண்றேன் டாக்டர்,” என்றேன்.

அவர் வேறு ஏதோ சொல்ல வந்தார் என்பது எனக்கு அன்று தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு ‘பிரசன்ட் மிஸ்’ சொல்ல வேண்டும். ‘ப’ சிக்கி, வந்த பிள்ளைக்கு ஒரு மாதம் முழுக்க ஆப்சென்ட் விழுந்தது. நான் போய்ப் பேசி, கையைத் தூக்கினால் போதும் என்று ஏற்பாடு செய்தேன். கல்லூரியில் வாய்மொழித் தேர்வு நடந்தபோது அறைக்கு வெளியே நின்றேன். முதல் கேள்விக்கான பதில் ஜன்னல் வழியாகப் போனது. இரண்டாவது கேள்விக்கு முன்னால் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள்.

ஆனால் பாடும்போது அவளுக்குத் திக்காது. சர்ச் பாடகர் குழுவில் ‘ப’வும் ‘க’வும் வழுக்கிக்கொண்டு வரும். பாட்டு நின்றால் திக்கும். எங்கள் குடும்பம் முழுவதும் பாட்டிலேயே பேச முடியாதே என்று நான் கவலைப்பட்டதுண்டு.

என் வீட்டுக்காரர் இதில் எல்லாம் தலையிடமாட்டார். தாமல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி வந்து மார்க்கெட்டில் இறக்கும் சுமை வண்டி ஓட்டுகிறார். பேச்சு குறைவு. வீட்டில் அவர் குரலைவிட அவர் வண்டியின் ஹாரனைத்தான் நாங்கள் அதிகம் கேட்டிருக்கிறோம்.

ராஜு அண்ணனின் கம்பி

ஊடை என்றால் தறியில் குறுக்கே ஓடும் இழை. ‘ஊடை பண்பலை’யின் கதையைச் சொல்ல வேண்டுமானால் அது ஆரம்பித்த மைக்செட் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரர் ராஜு அண்ணன். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், மைக்கில் ‘ஹலோ ஹலோ’. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஒலிபெருக்கிதான்.

நெசவாளர் வீடுகளுக்குப் போய்வந்ததில் அவர் ஒன்றைக் கவனித்தார். தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். இரண்டு காலும் குழிக்குள் மிதிகட்டையில் இருக்கும். கண் இழையில் இருக்கும். காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதுகளை வீணாக்கக் கூடாது என்று முடிவு செய்தார்.

முதலில் கடையிலிருந்து சுமார் நாற்பது வீடுகளுக்குக் கம்பி இழுத்து, வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டி மாட்டினார். அந்தக் கம்பியில் பெண்கள் துணி காயப் போட்டார்கள். மழை பெய்தால் நாற்பது வீட்டிலும் ஒரே நேரத்தில் இருமல் சத்தம் வரும். சத்தத்தைக் கூட்டும் குறைக்கும் திருகு கடையில் மட்டும்தான் இருந்தது. யாருக்காவது தலைவலி என்றால் கடை வரைக்கும் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். அவர் குறைத்தால் நாற்பது வீட்டிலும் குறையும். கேட்கவில்லை என்று சொல்ல வேறு இரண்டு பேர் வருவார்கள்.

பிறகுதான் முறையான அனுமதிக்கு எழுதிப் போட்டார். டில்லியிலிருந்து படிவத்துக்கு மேல் படிவமாக வந்தது. சிலவற்றை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன், படிவம் என்றால் எனக்குக் கை ஊறும். ‘மக்கள் உங்கள் நிலையத்தைத் தொடர்ந்து கேட்பார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ராஜு அண்ணன் சொன்னார்: “அவங்களால எழுந்து போவ முடியாதுன்னு எழுதும்மா.”

எழுதினேன். அனுமதி வந்தது.

ஒலிபரப்புக் கோபுரம் சின்னது. தாமல் ஏரிக்கரை மேல் நின்றால் கேட்கும், கரையிலிருந்து இறங்கினால் கேட்காது. கூரத்தில் மொட்டை மாடி இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கும். திருமுக்கூடலிலிருந்து ஒருவர் தனக்குக் கேட்பதாகக் கடிதம் போட்டார். ராஜு அண்ணன் அவரை இன்றுவரை ‘நம்ம வெளிநாட்டு நேயர்’ என்றுதான் சொல்கிறார்.

நிலையம் இருப்பது ஒரு பழைய தறிக்கூடத்தில். வீட்டுக்காரர் புது வீடு கட்டித் தறிகளை அங்கே கொண்டுபோய்விட்டார். குழி மட்டும் பாக்கி. அதை மூட ராஜு அண்ணனுக்கு மனம் வரவில்லை. குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் மைக்கை வைத்தார். அறிவிப்பாளர் தரையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டு பேச வேண்டும். கேட்கிறவர்களும் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பார்.

சினிமாப் பாட்டு கிடையாது. எல்லாம் உள்ளூர்க் குரல்கள். பஜனைக் கோஷ்டி, சர்ச் பாடகர் குழு, பம்பைக்காரர், தர்காவில் பாடும் பாய், நலங்குப் பாட்டு பாடும் பெண்கள், குளியலறையில் பாடுவதாக மனைவியால் காட்டிக் கொடுக்கப்பட்ட ஒரு தபால்காரர். யார் வந்து பாடினாலும் பதிவு செய்து பெயர் எழுதி வைப்பார்.

பெயர் எழுதுவதில்தான் ஒருமுறை தவறு நடந்தது. ‘பெரியம்மா பாட்டு’ என்று இரண்டு பதிவு இருந்தன. ஒன்று ஒரு பெரியம்மா பாடிய தாலாட்டு. இன்னொன்று வேறொரு பெரியம்மாவுக்காகப் பாடிய ஒப்பாரி. காலை ஆறு மணிக்குத் தாலாட்டு என்று நினைத்து ஒப்பாரியைப் போட்டுவிட்டார்கள். ஆறரைக்குள் ராஜு அண்ணன் வீட்டு வாசலில் இரண்டு மாலைகளும் ஒரு சங்கு ஊதுகிறவரும் வந்துவிட்டார்கள். அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். மாலை கொண்டு வந்தவருக்கு அவரை உயிரோடு பார்த்ததில் கொஞ்சம் வருத்தம்தான் என்று அண்ணன் இன்றும் சொல்வார்.

எழுத்துகளின் பட்டியல்

ஜெனி அங்கே பட்டன் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். பாட்டை ஓட்டுவது, நேயர் தொலைபேசி விளக்கு எரிந்தால் பட்டனை அழுத்தி ஒலிபரப்பில் விடுவது. வாயே திறக்க வேண்டாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வருஷம் அப்படியே போயிற்று.

காலை நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு வேலூரில் கல்யாணமாகிவிட்டது. ஜெனி அந்த நேரத்தைத் தனக்குக் கேட்டாள். ராஜு அண்ணன் ஒப்புக்கொண்டார்: ஒரு நாள், ஒரு மணி நேரம், நேரலை. நன்றாகப் போனால் காலை அவளுடையது. இல்லையென்றால் திரும்பப் பட்டன், அதற்கப்புறம் மைக்கைக் கேட்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையைப் போட்டது ராஜு அண்ணன் இல்லை, ஜெனிதான். “அதுக்கப்புறம் நானே கேக்கமாட்டேன்,” என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான், ஒரு வாக்கியத்தை முடிக்க அவ்வளவு கஷ்டப்படுகிறவள் வாக்கை விளையாட்டுக்குக் கொடுக்கமாட்டாள்.

முந்தின நாள் நான் அவளுக்குத் தெரியாமல் நிலையத்துக்குப் போனேன். கையில் ஒரு தாள். சிக்கும் எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் உதாரணம், பதிலாக வைக்கக்கூடிய சொற்கள் எல்லாம் மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுதியிருந்தேன்.

ராஜு அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“ஏம்மா, ‘க’ வேணாம், ‘ப’ வேணாம், ‘ம’ வேணாமா?”

“ஆமாண்ணா. ரொம்ப கஷ்டப்படுவா.”

“காஞ்சிபுரத்துல உக்காந்துக்கினு ‘க’ இல்லாம எப்படிம்மா பேசுறது? ஊரு பேரே வராதே. பட்டு வராது, தறியில பாவு வராது, கோர்வை வராது. கோயிலு வராது, மணி வராது. பாட்டுன்னே சொல்ல முடியாது.”

“‘கானம்’னு சொல்லலாமே.”

“அதுவும் ‘க’தானம்மா.”

நான் தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ‘பாட்டு’க்கு நேரே ‘கானம்’ என்று நானேதான் எழுதியிருந்தேன்.

“சரேம்மா, நீ வீட்டுக்குப் போ,” என்றார். தாளை நான்காக மடித்து, பலகை ஆடாமலிருக்க அதன் ஒரு முனைக்குக் கீழே வைத்துவிட்டார்.

தெரு நின்றது

இப்போது ‘ப’வுக்கு வரலாம்.

ரேடியோவில் ஒன்றும் இல்லை. ஜெனி மூச்சு இழுப்பது மட்டும் கேட்டது. தணிகாசலம் இன்னும் நாலு தடவை நாடாக் கட்டையை இழைகளுக்கு நடுவே வீசினார். பிறகு கையை நிறுத்திவிட்டுத் தலையைப் பையின் பக்கம் சாய்த்தார். அவர் தறி நின்றதும் பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம் தனியாகக் கேட்டது. அதுவும் நின்றது. எதிர் வீட்டில் நின்றது. அந்தத் தெருவுக்கு இருபது வருஷமாகப் போய்வருகிறேன். பகலில் அங்கே ஒரு காக்கை கத்துவதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“ப…” என்றது பை.

அந்தப் புதுக் குரல் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தேன். சர்ச் பாடகர் குழுவில் பரிமளம் என்று ஒருத்தி. ஒரு பண்டிகையில்கூடத் தனியாகப் பாடவிடவில்லை என்று குறைபட்டுக்கொண்டே இருப்பாள். அவளேதான். சொல் என் நாக்கு நுனியில் நிற்கிறது, என் பிள்ளை அது இல்லாமல் தவிக்கிறாள். சத்தியமாவது ஒன்றாவது. போனை எடுத்தேன். நிலையத்தின் எண் எனக்கு மனப்பாடம்.

அது நேயர்களுக்கான எண் என்பது தெரியும். ஜெனி அதை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள், நான் ரகசியமாகச் சொல்லிவிடலாம் என்று ஏதோ ஒரு கணக்கு. அவள் கை ஒரு வருஷம் பட்டன் போட்டுப் பழகிய கை. விளக்கு எரிந்தது. கை அழுத்திவிட்டது.

“ஜெனி, பரிமளம். பரிமளம்னு சொல்லிடு கண்ணு,” என்றேன்.

“பரிமளம்னு சொல்லிடு கண்ணு,” என்றது மஞ்சள் பை. பக்கத்து வீட்டு ஜன்னலும் சொன்னது. எதிர் வீடும் சொன்னது. உடனே போனும் ரேடியோவும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு கூவென்று ஊளையிட்டன. சாந்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஊளை அடங்கியதும் ஜெனியின் குரல் வந்தது. அதில் ஒரு தடங்கலும் இல்லை.

“அம்மா. இவங்க எங்க அம்மா, நேயர்களே. அம்மா, அது இல்ல. வை.”

வைத்தேன். என் மகளின் ஒரே ஒரு மணி நேரத்தை ஊர் முழுக்கக் கேட்க நானே கெடுத்துவிட்டேன்.

“இன்னாம்மா பண்ற நீ?” என்றார் தணிகாசலம். “அது அவ தறி. நீ போயி கைய வெக்கிற. இழை அறுந்தா நெய்யிறவன்தான் தேடிப் புடிச்சி முடி போடணும். வேற கை பட்டா அந்த எடத்துல கோடு விழும். எம் பொண்டாட்டியே இதுல கை வெக்கமாட்டா.”

“வெச்சா நல்லா வந்துடும், அதான் வெக்க வுடல,” என்றாள் சாந்தி.

அதற்குள் நிலையத்தில் விளக்கு மறுபடி எரிந்திருக்கிறது. நான் ஆரம்பித்து வைத்ததை ஊர் பிடித்துக்கொண்டது.

“ஹலோ, சின்ன காஞ்சிபுரத்துலேர்ந்து பேசுறேன். பக்தவச்சலமாம்மா?”

“இல்லிங்க,” என்றாள் ஜெனி.

“பரந்தாமன்? பஜனைல பின்னாடி நின்னுக்கினு வாய மட்டும் அசைப்பானே, அவனா?”

“அவரும் இல்லிங்க. ப…”

“பீட்டர் சாரா? அவரு பாடுனா நான் ரேடியோவ நிறுத்திடுவேன், அதுக்காகத்தான் கேக்குறேன்.”

“இல்லிங்க. நீங்க நிறுத்த வேணாம்.”

“யம்மா, நான் டீக்கடை பச்சையப்பன். நான்தானா? நான் பாடுனதா எனக்கு ஞாபகம் இல்ல. இருந்தாலும் போடு, கேக்குறேன்.”

தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஜெனியும் சிரித்தாள். மைக்கில் அவள் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்து முடித்து மறுபடி முயன்றாள். மறுபடி சிக்கியது. மறுபடி ஒரு விளக்கு. யாரோ ஓர் ஆள், ஊர் பெயர்கூடச் சொல்லவில்லை.

“நீ நிதானமா சொல்லும்மா. நாங்க எங்க போவப் போறோம்? குழிலதான கெடக்குறோம்.”

“நானும் குழிலதாங்க இருக்கேன்,” என்றாள் ஜெனி.

அதற்கப்புறம் யாரும் கூப்பிடவில்லை. ஊரில் அத்தனை பேரும் அவரவர் குழியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நான் படிவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், வாய் தானாகத் திறக்காமலிருக்க அதன் ஓரத்தைக் கடித்தேன்.

“பாடுனவங்க பேரு ப… ப… பாக்கியநாதன். எங்க அப்பா.”

என் நாக்கில் இல்லாத பெயர்

பாட்டு ஆரம்பித்துவிட்டது. தணிகாசலம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அது உன் வீட்டுக்காரர் பேராச்சே.”

“ஆமா.”

“அப்புறம் எதுக்கு பரிமளம் பரிமளம்னு கத்துன? கட்டுன புருசன் பேரு தெரியலியா?”

தெரியும். ஆயிரம் படிவங்களில் எழுதியிருக்கிறேன். எழுதுவதில் ஒரு தடையும் கிடையாது, இதோ இங்கேகூட எழுதுகிறேன்: பாக்கியநாதன். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட அது என் வாயால் வந்ததில்லை. என் அம்மா என் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. ‘ஏங்க’, ‘இந்தாங்க’, ‘ஜெனி அப்பா’. போனில் அவர் எண்ணை ‘வீடு’ என்று போட்டு வைத்திருக்கிறேன். இந்த அழகில், நாமினி பெயரைக் கேட்டால் வெட்கப்படும் பெண்களிடம், “இந்தக் காலத்துல புருஷன் பேரைச் சொல்ல என்னம்மா?” என்று அதட்டுவேன். பாதிரியார் கேட்டாலும் சீட்டில் எழுதித்தான் நீட்டுவேன்.

தமிழில் ‘ப’வில் ஆரம்பிக்கிற சொல் எத்தனை ஆயிரமோ. அதில் ஒன்றே ஒன்றைத்தான் என்னால் ஜெனிக்கு எடுத்துக் கொடுத்திருக்க முடியாது. அது என் புத்தியில்கூட எட்டிப் பார்க்கவில்லை.

பாட்டு அவரே கட்டியது. மேளம் ஒன்றும் கிடையாது. பலகையில் அவர் விரல் தட்டும் சத்தம்தான்.

*ஏரிக்கரை மேட்டுமேல எஞ்சின் நின்னு போச்சு*
*ஏறி வந்த கத்திரிக்கா எறங்கி நடக்கலாச்சு*

கத்திரிக்காய் நடந்தது. வெண்டைக்காய் தள்ளியது. பூசணிக்காய் மட்டும் இறங்கமாட்டேன் என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் யோசனை சொன்னது. அந்த இடத்தில் சாந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை, வீட்டுக்குப் போகும் வழியில்தான் புரிந்தது.

இரண்டாவது சரணத்தில் தணிகாசலம் நாடாவைக் கையில் எடுத்தார். தெருவில் ஒவ்வொரு தறியாகச் சத்தம் திரும்பியது.

பன்னிரண்டு மணிக்கு ராஜு அண்ணன் கூப்பிட்டார்.

“ஏம்மா, நாளைலேர்ந்து காலை நேரம் உன் பொண்ணுக்குத்தான். அந்தப் பூசணிக்கா பாட்ட மறுபடி போடுன்னு போன் வந்துக்கினே இருக்குது.”

“ரொம்ப சந்தோஷம்ணா.”

“உன் நம்பர ஒரு அட்டையில எழுதி பட்டனுக்கு நேரா ஒட்டியிருக்கேன். இத எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேன். தப்பா நெனச்சிக்காத.”

மதியச் சாப்பாடு

ஒரு மணிக்கு ஜெனி வந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“எத்தனை நாளா இந்தப் பாட்டு?” என்றேன்.

“நாலு மாசமா. லோடு எறக்கிட்டு நேரா அங்க வந்துடுவாரு.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்ல வந்தேன்மா. ரெண்டு தடவ. ‘அப்பா ப…’ன்னு ஆரம்பிச்சேன். மொதத் தடவ, ‘அப்பா பசிக்குதுன்றாரா’ன்னு நீயே கேட்டுட்டு தோசை ஊத்தப் போயிட்ட. ரெண்டாவது தடவ, ‘அப்பாவுக்குப் பல்லு வலியா’ன்னு கேட்டு அவர டாக்டர்கிட்ட இட்டுக்கினு போயிட்ட.”

“அன்னிக்கு அவருக்குப் பல்லு வலிக்கலியா?”

“இல்ல. சும்மா காட்டிட்டு வந்தாரு.”

“அவராவது சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

ஜெனி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “அப்பாவுக்கும் இந்தத் திக்கல் இருக்குதும்மா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. அமைதியானவர் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எங்கள் கல்யாணத்தில் பாதிரியார் சம்மதமா என்று கேட்டபோது அவர் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானது. முன்வரிசையில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று, “சம்மதம் ஃபாதர், ரெண்டு பேருக்கும்,” என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்து நான்கு வருஷமாக அதை ஒரு நகைச்சுவையாகவே சொல்லிவந்திருக்கிறேன்.

அவர் வந்தார். தாமல் ஏரிக்கரை மேல் வண்டியை நிறுத்திவைத்து முழுவதும் கேட்டாராம். அதை ஜெனிதான் சொன்னாள். அவர் கை கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். நான் பரிமாறினேன். பாட்டைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாமல் அப்பளத்தை இரண்டு தடவை வைத்தேன்.

அவர் ஒரு கவளம் சாப்பிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“கொ… கொழம்பு…”

என் நாக்கு எழுந்துவிட்டது. ஜெனி தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என் முழங்கையைத் தொட்டாள். நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் ஒரு பக்கமாகப் போனது. பெருவிரல் சோற்றோடு ஆள்காட்டி விரலைத் தேய்த்தது. அந்த விரலை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குக்கர் ஒரு விசில் விட்டது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டாவது விசிலும் வந்தது.

“…உ… உப்பு இல்ல.”

“இன்னிக்கா?” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “எ… எப்பவுமே.”

இருபத்து நான்கு வருஷமாக அவர் ‘கொழம்பு’ என்று தொடங்கியபோதெல்லாம், “நல்லா இருக்குது, தெரியும்,” என்று முடித்து வைத்தவள் நான்தான்.

உப்பு ஜாடியை எடுக்க எழுந்தேன். அவர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

நான் உட்கார்ந்துகொண்டேன்.